யார் காரணம், எவ்வளவு பங்கு? மேர்சி பிரபுவும் கடல் விபத்துகளின் கணக்கும்

பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த காலத்தில், காப்புறுதிப் பாடத்தில் அண்மைக் காரணம் என்றொரு தத்துவம் இருந்தது. ஓர் இழப்புக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் எது இழப்பை உண்மையிலேயே உண்டாக்கியதோ அதைக் கண்டுபிடித்து, அந்தக் காரணம் காப்புறுதிப் பத்திரத்தில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோன விடயம் அது.

பல வருடங்கள் கழித்து, கனடாவில் கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, விடுமுறைக்குக் குடும்பத்தோடு கியூபெக் மாகாணத்தின் றிமூஸ்கி நகரப் பக்கம் போயிருந்தோம். சென் லோறன்ஸ் ஆறு கடல்போல விரிந்து கிடக்கும் இடம் அது. அங்கே, 1914இல் மூழ்கிய எம்பிரஸ் ஒஃப் அயர்லாந்து என்ற கப்பலுக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து அந்த விபத்தைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் மேர்சி பிரபு என்றிருந்தது. டைட்டானிக்கை விசாரித்தவரும் அவரே, லூசித்தானியாவை விசாரித்தவரும் அவரே என்று அறிந்தபோது, அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். மறந்துபோன பாடம் திரும்பி வந்தது. அது எனக்கு வெறும் பாடமாக ஏன் இருக்கவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜோன் சார்ள்ஸ் பிகம் 1840 ஓகஸ்ட் 3ஆம் திகதி லிவர்பூலில் பிறந்தார். தகப்பனார் வசதியான வணிகர். அந்நாளைய லிவர்பூல் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. பருத்தி வந்து இறங்குவதும், அமெரிக்காவுக்குக் குடிபெயரும் ஏழைகள் கப்பலேறுவதும் அங்கேதான். சரக்கு, கப்பற்கூலி, காப்புறுதி, கடன் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. லிவர்பூலிலும் பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்து, பேர்லினிலும் பாரிசிலும் மேலும் கற்றார். 1870இல் பாரிஸ்டரானார். வணிக வழக்குகளில் பெயர் எடுத்து, 1883இல் இராணியின் வழக்கறிஞர் என்ற தகுதியைப் பெற்றார். 1895இல் லிவர்பூலின் ஒரு தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அரசியலில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. 1897இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமனம் கிடைத்ததும் அரசியலை விட்டுவிட்டார்.

நீதிபதியாக அவர் கேட்ட வழக்குகளில் கணக்குப் புத்தகம் இல்லாத வழக்கு குறைவாகத்தான் இருந்திருக்கும். வணிக வழக்குகள், புகையிரதப் பாதை வழக்குகள், வங்குறோத்து வழக்குகள் எல்லாவற்றையும் விசாரித்தார். 1909இல் மரணசாசனம், விவாகரத்து, கப்பல் என்ற மூன்று வகை வழக்குகளையும் ஒன்றாகக் கவனிக்கும் பிரிவின் தலைவரானார். அடுத்த வருடமே ஓய்வு பெற்று, தன் ஊரின் ஆற்றுப் பெயரை எடுத்துக்கொண்டு மேர்சி பிரபுவானார். அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது. அத்தோடு அவருடைய கதை முடிந்திருந்தால் இன்றைக்கு அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அவருடைய விசாரணைகளுக்குப் போவதற்கு முன்னர், கப்பல்கள் மோதிக்கொண்டால் சட்டம் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தரைச் சட்டம் அந்த நாளில் கடுமையாக இருந்தது. வண்டியில் அடிபட்டவர் தானும் கொஞ்சம் கவனயீனமாக இருந்தார் என்று நிரூபணமானால், பொதுவாக அவருக்கு ஒரு சதமும் கிடையாது. இந்த விதியிலிருந்து தப்பச் சில வழிகளை நீதிமன்றங்கள் வைத்திருந்தாலும், விதி 1945 வரை மாறவில்லை. கடற் சட்டமோ நெடுங்காலமாகவே வேறு வழியில் போனது. இரண்டு கப்பலிலும் தவறு இருந்தால், இரண்டின் சேதத்தையும் கூட்டிப் பாதி பாதியாகப் பிரிக்கும். ஒரு கப்பலுக்கு 1,00,000 பவுண் சேதம், மற்றதற்கு 20,000 பவுண் சேதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,20,000. ஆளுக்கு 60,000. ஆகவே, குறைவாகச் சேதமடைந்த கப்பல் மற்றதற்கு 40,000 கொடுக்க வேண்டும். யாருடைய தவறு எவ்வளவு பெரியது என்ற கேள்வியே இல்லை. பத்தில் ஒன்பது பங்கு தவறு செய்தவரும் பாதிதான், ஒரு பங்கு தவறு செய்தவரும் பாதிதான்.

பிகம் கப்பல் வழக்குகளுக்குத் தலைமை தாங்கிய நாளில் இந்தப் பாதிக் கணக்குத்தான் நடைமுறையில் இருந்தது. 1910 செப்டெம்பரில் பிரசெல்ஸ் நகரில் பல நாடுகள் கூடி அதை மாற்ற உடன்பட்டன. 1911 டிசெம்பரில் பிரித்தானியா அதைத் தன் சட்டமாக்கியது. இனித் தவறின் அளவுக்கு ஏற்றபடி பங்கு. மேலே சொன்ன கணக்கில், அதிகம் சேதமடைந்த கப்பலின் தவறு முக்கால் பங்கு என்று தீர்ப்பானால் அது 90,000 சுமக்கும், மற்றது 30,000 சுமக்கும். அப்போது கைமாறும் தொகை 40,000 அல்ல, 10,000. அளவைப் பிரித்தறிய முடியாத இடத்தில் மட்டும் பழையபடி பாதி. உயிரிழந்த, காயப்பட்ட மனிதர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. கப்பல்கள் தமக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும், தவறில்லாத பயணி எந்தக் கப்பலிடமிருந்தும் முழு நட்டஈட்டையும் கேட்கலாம். பங்கீட்டுச் சண்டை கப்பல்காரருடையது, பயணியுடையது அல்ல.

ஆனால் பங்கு பிரிக்க முன்னர் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தத் தவறு இந்த விபத்தை உண்டாக்கியதா? தவறு செய்திருப்பது வேறு, அந்தத் தவறு காரணமாயிருப்பது வேறு. விளக்குக் கொளுத்தாமல் போன கப்பல் தவறு செய்கிறது. ஆனால் மற்றக் கப்பல் அதை நிலவொளியில் தெளிவாகக் கண்ட பிறகும் வந்து மோதினால், விளக்கில்லாதது காரணமல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பிறகு வந்த விசாரணைகளில் மேர்சிக்கு முன்னால் இருந்த வேலை.

1912 ஏப்பிரல் 15 விடியற்காலையில் டைட்டானிக் மூழ்கியது. விசாரணை ஆணையாளராக மேர்சி நியமிக்கப்பட்டார். அவருடைய மகன் கிளைவ் பிகம் விசாரணையின் செயலாளர். மே 2ஆம் திகதி லண்டனில் ஓர் இராணுவப் பயிற்சி மண்டபத்தில் அமர்வு தொடங்கியது. 36 நாட்கள், 97 சாட்சிகள், 25,000க்கும் மேற்பட்ட கேள்விகள். அறிக்கையின் கணக்குப்படி கப்பலில் இருந்தவர்கள் 2,201 பேர், தப்பியவர்கள் 711 பேர், இறந்தவர்கள் 1,490 பேர்.

விசாரணையை ஏற்பாடு செய்தது பிரித்தானிய வர்த்தகச் சபை. உயிர்காப்புப் படகுகளுக்கு விதி எழுதியதும் அதே வர்த்தகச் சபைதான். கணக்காய்வு செய்யப்பட வேண்டியவரே கணக்காய்வாளரை நியமித்ததுபோல இருந்தது நிலைமை. அந்த விதி 1894இல் எழுதப்பட்டது. 10,000 தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, 16 படகுகள். டைட்டானிக்கோ 46,000 தொன்னுக்கு மேல். அதில் இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். கப்பல் கம்பெனி சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே வைத்திருந்தது, ஆனாலும் பாதிப் பேருக்கு இடமில்லை. விதியைக் காலத்துக்கேற்ப மாற்றாமல் விட்டதற்காக மேர்சி வர்த்தகச் சபையைக் குறை சொன்னார். விசாரணையை ஏற்பாடு செய்தவரையே குறை சொல்ல அவர் தயங்கவில்லை என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விபத்தின் காரணம் என்று அவர் எழுதியது, கப்பல் செலுத்தப்பட்ட அளவுகடந்த வேகத்தால் பனிப்பாறையில் மோதியது என்பதே. வேகத்துக்குப் பொறுப்பு கப்டன் எட்வேர்ட் ஸ்மித். பனிக்கட்டி பற்றிய எச்சரிக்கைகள் வந்திருந்தன. இருந்தும் மேர்சி அவரைக் கவனயீனக் குற்றவாளி என்று சொல்லவில்லை. பார்வை தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் போவதே கால் நூற்றாண்டாக அந்தப் பாதையில் எல்லாக் கப்டன்மாரும் செய்து வந்த வழக்கம், அதனால் இது பெரிய பிழை, ஆனால் கவனயீனம் அல்ல என்றார். இனிமேல் இதே சூழ்நிலையில் யாராவது இதையே செய்தால் அது கவனயீனம் ஆகும் என்றும் சேர்த்தார்.

இந்த இடத்தில் வாசிப்பவருக்குக் கோபம் வரும். எல்லோரும் செய்தார்கள் என்பது ஒரு நியாயமா? அடுத்த வருடம் ஐரிஷ் விவசாயி ஒருவர், மூன்றாம் வகுப்பில் போய் இறந்த தன் மகனுக்காக லண்டனில் வழக்குப் போட்டார். யூரிகள் வேகத்தைக் கவனயீனம் என்றே முடிவு செய்தார்கள். கிடைத்தது 100 பவுண். மேன்முறையீட்டிலும் அந்த முடிவு நின்றது. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சட்டம் கப்பல்காரரின் பொறுப்பை, பயணம் முடிந்தபின் மிஞ்சிய சொத்தின் பெறுமதிக்குள் கட்டுப்படுத்தியது. டைட்டானிக்கில் மிஞ்சியது சில படகுகளும் பயணக் கட்டணப் பணமும்தான். ஒரு கோடி டொலருக்கு மேல் கேட்கப்பட்ட நட்டஈடு கடைசியில் சுமார் 6,64,000 டொலரில் சமரசமானது.

அதே அறிக்கையில் மேர்சி ஒரு மனிதருக்கு மிகக் கடுமையாக நடந்துகொண்டார். கலிபோர்ணியன் என்ற கப்பல் அன்றிரவு அருகில் பனிக்குள் நின்றது. அதன் அதிகாரிகள் வானத்தில் எழுந்த வெள்ளை வெடிகளைக் கண்டு கப்டன் ஸ்டான்லி லோர்டுக்குச் சொன்னார்கள். அவர் எழுந்து வரவில்லை, தந்திக்காரரையும் எழுப்பவில்லை. கலிபோர்ணியன் 8 முதல் 10 மைலுக்குள் நின்றது, புறப்பட்டிருந்தால் எல்லோரையும் இல்லாவிட்டாலும் பலரையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று மேர்சி எழுதினார். லோர்ட் சாட்சியாக அழைக்கப்பட்டாரே தவிர, குற்றம் சாட்டப்பட்டவராகத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1962இல் இறக்கும் வரை அந்தப் பழி அவரை விடவில்லை.

டைட்டானிக் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அது மூழ்கிய சரியான இடம் தெரிந்தது. 1992இல் பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு லோர்டின் விடயத்தை மீண்டும் ஆராய்ந்தது. கலிபோர்ணியன் மேர்சி நினைத்ததைவிடத் தொலைவில், 17 முதல் 20 மைல் வரையில், நின்றிருக்கலாம் என்றது. வெடிகளைக் கண்டும் செயற்படாதது தவறுதான் என்றது. ஆனால் செயற்பட்டிருந்தாலும் கப்பல் மூழ்கிய பின்னரே போய்ச் சேர்ந்திருக்கும், கார்பாத்தியா செய்த மீட்பு வேலையைத்தான் அதுவும் செய்திருக்கும் என்றது. தவறு இருக்கிறது, ஆனால் அந்தத் தவறு அந்த 1,490 உயிர்களின் காரணம் அல்ல. எண்பது வருடம் பிந்தி வந்த இந்தப் பிரிப்பைத்தான் மேர்சி அன்றே செய்திருக்க வேண்டும்.

1913 முடிவில் லண்டனில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச மாநாடு கூடியது. தலைவர் மேர்சி. 1914 ஜனவரி 20இல் உடன்படிக்கை கையொப்பமானது. கப்பலில் உள்ள எல்லோருக்கும் படகில் இடம், இருபத்திநாலு மணிநேரத் தந்திக் காவல், வட அத்திலாந்திக்கில் பனிக்கட்டி ரோந்து ஆகியவை அதில் இருந்தன. யுத்தம் வந்ததால் அது அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. பின்னாளில் வந்த உடன்படிக்கைகளுக்கு அதுவே அடி. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டதை எங்களில் பலர் மறக்கவில்லை. சரக்குக் கப்பலொன்றின் படகுகள் அவை. அந்தப் படகுகளுக்குப் பின்னால் உள்ள விதிகளின் வரலாறு மேர்சி தலைமை தாங்கிய அந்த மேசைக்குப் போகிறது.

உடன்படிக்கையின் மை காய்ந்து நாலு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. 1914 மே 29 அதிகாலை இரண்டு மணியளவில், சென் லோறன்ஸ் ஆற்றில் எம்பிரஸ் ஒஃப் அயர்லாந்து கப்பலின் வலப்பக்க வயிற்றில் நிலக்கரி ஏற்றி வந்த நோர்வேக் கப்பலான ஸ்டோர்ஸ்டாட் மோதியது. 14 நிமிடத்தில் எம்பிரஸ் மூழ்கியது. 1,477 பேரில் 1,012 பேர் இறந்தார்கள். டைட்டானிக்கின் பாடத்தைக் கற்று, அதில் எல்லோருக்கும் போதிய படகுகள் இருந்தன. கப்பல் உடனே சரிந்ததால் அவற்றில் பெரும்பாலானவற்றை இறக்க முடியவில்லை. காற்றுக்காகத் திறந்து வைத்த யன்னல்கள் வழியாகவும் தண்ணீர் புகுந்தது.

யூன் மாதம் கியூபெக் நகரில் விசாரணை. மேர்சியோடு இரண்டு கனடிய நீதிபதிகளும் இருந்தார்கள். இரண்டு கப்பலும் புகார் வரும் முன்னர் ஒன்றின் விளக்கை மற்றது கண்டிருந்தன. புகாருக்குள் என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் நேர் எதிர். மற்றக் கப்பல்தான் திரும்பியது என்று இரு தரப்புமே சத்தியம் செய்தன. இரண்டு கதையும் உண்மையாயிருக்க முடியாது.

மேர்சியின் குழு எம்பிரசின் பக்கத்தை நம்பியது. ஸ்டோர்ஸ்டாட்டின் முதன்மை அதிகாரி டொஃப்டனேஸ் புகாருக்குள் திசை மாற்றியதும், தன் கப்டனை உடனே எழுப்பாததும் தவறு என்றது. எம்பிரசின் கப்டன் கென்டல் பற்றி அது சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர் மற்றக் கப்பலுக்கு இன்னும் கூடுதலாக இடம் விட்டுப் போயிருந்தால் நல்லது என்றது. ஆனால் அது விபத்துக்குத் துணைக் காரணம் ஆகாது என்றது. செய்திருக்கலாம் என்பது வேறு, அதனால் நடந்தது என்பது வேறு. கலிபோர்ணியன் கப்டனுக்குக் கிடைக்காத பிரிப்பு கென்டலுக்குக் கிடைத்தது.

நோர்வேக்காரர் தங்கள் பக்கத்தில் ஒரு விசாரணை நடத்தினார்கள். அதில் ஸ்டோர்ஸ்டாட்டில் பிழை இல்லை, பிழை கென்டலுடையது என்று முடிவானது. ஒரே இரவு, ஒரே புகார், இரண்டு நாட்டுக்கு இரண்டு தீர்ப்பு. கனடிய பசிபிக் கம்பெனி 20 லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. ஸ்டோர்ஸ்டாட் கைப்பற்றப்பட்டு 1,75,000 டொலருக்கு விற்கப்பட்டது.

பழியைப் பங்கிட்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி அங்கே அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து, 1917 டிசெம்பர் 6இல், ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய மொன் பிளாங்கும் இமோவும் மோதி நகரமே சிதறியது. முதல் விசாரணை முழுப் பழியையும் மொன் பிளாங் பக்கமே போட்டது. வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1920இல் இரண்டு கப்பலும் சமமாகக் குற்றவாளிகள் என்று முடிந்தது. 1971 வரை இலங்கை வழக்குகளின் கடைசி வாசலாகவும் இருந்த அதே பிரிவிக் கவுன்சில். கோபம் கொதிக்கும் நாட்களில் நடக்கும் விசாரணை ஒரு பெயரைத் தேடும். ஆறிய பிறகு பார்ப்பவருக்கு இரண்டு பெயர் தெரியும்.

1915 மே 7இல் யேர்மன் நீர்மூழ்கியொன்று அயர்லாந்துக் கரையருகே லூசித்தானியாவைத் தாக்கியது. 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கி 1,198 பேர் இறந்தார்கள். மீண்டும் மேர்சி. கடற்படைத் தலைமையகம் கப்டன் வில்லியம் ரேணர்மீது பழி போட விரும்பியது. கரையை விட்டு விலகிப் போ, வளைந்து வளைந்து போ என்ற அறிவுரைகளை அவர் பின்பற்றவில்லை என்றது. கம்பெனியோ செலவைக் குறைக்க 25 கொதிகலன்களில் 6ஐ மூடியிருந்தது. அதனால் கப்பலின் உச்ச வேகம் குறைந்திருந்தது. காவலுக்குப் போர்க்கப்பல் அனுப்பப்படவில்லை. சில அமர்வுகள் மூடிய கதவுக்குள் நடந்தன.

மேர்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கப்டனை விடுவித்தார். அறிவுரை அறிவுரைதான், அனுபவமுள்ள ஒருவர் நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுக்கு அவரைத் தண்டிக்க முடியாது என்றார். முழுப் பொறுப்பும் ஏவுகணையை ஏவியவர்களுக்கும் ஏவச் சொன்னவர்களுக்கும் என்றார். பிரித்தானியாவுக்கு அது யுத்தகாலத்தில் வசதியான தீர்ப்புத்தான். கடற்படை செய்யத் தவறியதை அது தொடவில்லை. ஆனாலும் அதன் அடியில் ஒரு நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் வேறு வழியால் போயிருக்கலாம் என்பது, கொன்றவனின் பங்கைக் குறைக்காது.

1918இல் பிரபுக்கள் சபை முடித்த இக்காரியா வழக்கு இதைத் தெளிவாக்குகிறது. மேர்சி விசாரித்த வழக்கல்ல அது, அண்மைக் காரணத் தத்துவத்துக்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம். இக்காரியா என்ற கப்பல் 1915 ஜனவரியில் ஏவுகணை பட்டு, மூழ்காமல் பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகம் வந்து சேர்ந்தது. புயலில் துறைமேடையோடு இடிபட்டதால், அதை வெளியே கட்டச் சொன்னார்கள். அங்கே அலை வற்றும்போதெல்லாம் தரைதட்டி, கடைசியில் முறிந்து மூழ்கியது. யுத்தச் செயலால் வரும் இழப்பைக் காப்புறுதி மூடவில்லை. மூழ்கிய காரணம் புயலா, ஏவுகணையா? நேரத்தால் அண்மையில் இருந்தது புயலும் அலையும். நீதிபதிகளோ, அண்மை என்பது நேரத்தில் அல்ல, வலிமையில் என்றார்கள். ஏவுகணை போட்ட ஓட்டை ஒருநாளும் அடைபடவில்லை. அந்த ஓட்டையால்தான் புயலும் அலையும் கப்பலைக் கொல்ல முடிந்தது. காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி அல்ல, பல திசையிலிருந்தும் வந்து கூடும் வலை என்ற விளக்கமும் அந்த வழக்கில்தான் வந்தது. நாங்கள் பாடத்தில் படித்தது சங்கிலி. சரியான படம் வலை என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது.

1916இல் மேர்சிக்கு இன்னும் உயர்ந்த பட்டம் கிடைத்தது. 1925இல் மனைவி இறந்தார். 1929 செப்டெம்பர் 3இல், 89 வயதில், இங்கிலாந்தின் தென்கரை நகரான லிற்றில்ஹம்ரனில் மேர்சி காலமானார். பொறுமை குறைந்த மனிதர், சாட்சிகளை வெட்டிப் பேசுபவர் என்பார்கள். அரசாங்கத்துக்கு உகந்ததைச் செய்தார் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். டைட்டானிக்கில் வழக்கத்தின் பின்னால் ஒரு கப்டனை நிறுத்தினார். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத இன்னொரு கப்டனை வெளியே தள்ளினார். எம்பிரசில் தவறையும் காரணத்தையும் பிரித்தார், ஆனால் பழியை ஒரு பக்கத்தில் வைத்தார். லூசித்தானியாவில் ஏவியவனின் பங்கைச் சரியாக எழுதி, தன் பக்கத்தின் பங்கை எழுதாமல் விட்டார். அவருடைய ஐந்தொகை ஒவ்வொரு முறையும் சமப்பட்டது. எல்லாப் பதிவுகளும் அதில் இருந்தனவா என்பதுதான் கேள்வி.

இனி நான் சொல்வதாகச் சொன்னது. 1990இல் ஒரு இரவு, மன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரம் பக்கம் இரண்டு படகுகள் வெளிக்கிட்டன. நான் இருந்த படகு போய்ச் சேர்ந்தது. மற்றது கவிழ்ந்தது. ஊர்ச்சனம் பலர் அதில் போனார்கள். ஓட்டியும் போனார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் ஊரவர் கூடும் எந்தச் செத்தவீட்டிலும் அந்தப் பேச்சு வந்தால், காசுக்கு ஆசைப்பட்டு ஆட்களை அடைந்தவன் என்று அந்த ஓட்டிக்குத்தான் திட்டு விழும். பதில் சொல்ல அவர் இல்லை.

நான் அந்தக் கரையில் நின்றேன். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டேன். பிள்ளையோடு நிற்கிறோம், விட்டுவிட்டுப் போகாதே அண்ணை என்று கெஞ்சியவர்கள் நாங்கள். இன்னும் இரண்டு பேர், இன்னும் ஒரு ஆள் என்று ஏற்றிவிட்டதில் என் கையும் இருந்தது. அவர் கடைசியில் இல்லையென்று சொல்லவில்லை. அது அவருடைய பங்கு. கெஞ்சியது எங்கள் பங்கு. ஆனால் எங்களை அந்த இரவில், விளக்கில்லாமல், அந்தக் கரைக்குத் துரத்திய குண்டுகள் நேரத்தால் தூரத்தில் இருந்தாலும் வலிமையால் கிட்ட இருந்தவை. இக்காரியாவின் ஓட்டைபோல. அந்தப் பங்கு பெரியது என்பதற்காக என்னுடைய சிறிய பங்கு இல்லாமல் போகாது. என்னுடையது இருக்கிறது என்பதற்காக அந்தப் பெரிய பங்கும் குறையாது.

அந்த ஓட்டியின் மகள் இதே நகரத்தில்தான் இருக்கிறார். எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களுக்கு அவர் வருவதில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்களின் கணக்குகளைப் பார்த்துக் கையொப்பம் வைத்த எனக்கு, அந்த ஒரு கணக்கில் என் பெயருக்கு எதிரே எழுத வேண்டியதை எழுத இவ்வளவு காலம் பிடித்தது. வருகிற ஒன்றுகூடலுக்கு முன்னர் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், உன் அப்பா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னவர், நான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்று சொல்லப்போகிறேன். அந்தக் கரையில் நின்ற வேறு யாராவது இதை வாசித்தால், அவர்களும் என்னோடு வரட்டும்.